தமிழ் பட்டனை அமுக்காதீர்கள்

காளவாசலில் நான் வழக்கமாகப் போகும் பிரவுசிங் சென்டரில் ஆறு கம்ப்யூட்டர்கள். ஆறு திரைகளின் தலையிலும் ஆளுக்கொரு தாள் ஒட்டியிருந்தது. பச்சை மார்க்கரில், கொட்டை எழுத்தில் இப்படி...

'யுனிவர்சிட்டி வெப்சைட்டில் தமிழ் பட்டனை அமுக்காதீர்கள்.'

மதுரையில்! அதுவும் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்!

இது நடந்தது இரண்டு வாரத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை. போன வாரம் இந்தப் பக்கத்தில் முருங்கைக்காய் வாங்கப் போன கதையை எழுதியிருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? உண்மையில் அப்போது என் தலைக்குள் முருங்கைக்காயே இல்லை. இதை எழுதினால் அச்சில் ஏற்ற முடியாத வார்த்தைகள் வந்துவிடும் என்று பயந்து ஒரு வாரம் ஆறப் போட்டேன். ஆறவில்லை. சரி, சூட்டோடு சூடாகவே சொல்லிவிடுகிறேன்.

ரேஷன் கார்டில் முகவரி மாற்றத்துக்கு ஒரு பிரின்ட் எடுக்கத்தான் போனேன். தாளைப் பார்த்ததும் பிரின்ட் மறந்துபோய்விட்டது.

"ஏன் பாய், தமிழ் பேசுறவங்க உள்ளே வரக் கூடாதுன்னு ஒரு போர்டும் வாசல்ல மாட்டிருங்களேன்!"

கடைக்காரர் ஜபருல்லா பாய் நல்ல மனுஷர். கோபப்படவே மாட்டார். அதனாலேயே அவரிடம் எனக்குக் கோபம் நிறைய வரும்.

"அக்கா, மொதல்ல உக்காருங்க. என்னைய அப்புறமா வைவீங்களாம். அந்தா, கடைசி கம்ப்யூட்டர்ல உக்காந்திருக்கே ஒரு தங்கச்சி, அதுகிட்ட கேளுங்க. ஏன் ஒட்டிருக்கேன்னு அது சொல்லும்."

திரும்பிப் பார்த்தேன். நாற்பதைத் தாண்டிய வயது சொல்லலாம். கஞ்சி போட்ட காட்டன் புடவை. மடியில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். அழுது முடித்து, முகம் கழுவிவிட்டு, மறுபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

பெயர் பாண்டிச்செல்வி. பேரையூர்ப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் தமிழ் டீச்சர். வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. தமிழ் முடித்தவர். எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்ல மாட்டேன். நம் மாவட்டத்தில் இல்லை. மதுரையில் விடியக் காலை பஸ் ஏறினால் பதினோரு மணிக்குப் போய் இறங்கலாம். அதற்கு மேல் கேட்காதீர்கள்.

அரசுப் பள்ளியில் முதுகலை ஆசிரியர் வேலைக்குப் பரீட்சை எழுதித் தேறியிருக்கிறார். அடுத்த திங்கள்கிழமை சான்றிதழ் சரிபார்ப்பு. எல்லாக் காகிதமும் இருக்கிறது. எம்.ஏ. பட்டச் சான்றிதழ் மட்டும் இல்லை. கையில் இருப்பது தற்காலிகச் சான்றிதழ். அதற்கும் வழி உண்டு. அழைப்புக் கடிதத்தின் கீழே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு. பட்டச் சான்றிதழுக்கு இந்த அழைப்பு வரும் முன்பே விண்ணப்பித்துக் காத்திருப்பவர்கள், அந்தத் தேதியைக் குறிப்பிட்டுப் பல்கலைக்கழகத்திடம் ஒரு கடிதம் வாங்கி வந்தால் போதும்.

"அப்படின்னா நீங்க முன்னாடியே விண்ணப்பிச்சிருக்கணுமே?"

"மூணு மாசத்துக்கு முன்னாடியே போட்டுட்டேம்மா. நம்பரும் வந்துச்சு. இந்தா பாருங்க."

செல்போனை நீட்டினார். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தார். 'தங்கள் விண்ணப்பம் வெற்றிகரமாகப் பெறப்பட்டது. நன்றி.' கீழே விண்ணப்ப எண், தேதி எல்லாம் சுத்தமாக இருந்தது. அதே எண்ணைப் பாய் அன்றைக்குக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தபோது வந்த பதில்... 'நோ ரெக்கார்ட் ஃபவுண்ட்.'

பாய் விளக்கினார். "தமிழ்ப் பக்கம் செத்துப்போயி ரொம்ப நாளாச்சுக்கா. சைட்டைப் புதுசா மாத்துனப்ப இங்கிலீஷை மட்டும் மாத்திட்டு அதை அப்பிடியே விட்டுட்டாங்க. ஆனா ஃபாரம் மட்டும் உசுரோட இருக்கு. போட்டா வாங்கிக்கிரும். நம்பர் குடுக்கும், நன்றியும் சொல்லும். அங்கிட்டு உக்காந்து பாக்க ஆள் கிடையாது. அம்புட்டுத்தேன்."

நான் உடனே ஒரு முட்டாள்தனமான கேள்வி கேட்டேன். "நீங்க ஏன் தமிழ்ப் பக்கத்துல போய்ப் போட்டீங்க?"

செல்வி என்னை நிமிர்ந்து பார்த்தார். "நான் தமிழ் டீச்சர்மா. பிள்ளைகள்ட்ட தமிழ்ல கையெழுத்துப் போடுங்கடான்னு தினமும் சொல்றவ. மேல தமிழ்னு ஒரு பட்டன் இருந்துச்சு. அதை அமுக்காம எப்பிடிப் போறது?"

நீங்களே சொல்லுங்கள். தமிழ் படித்தவர், தமிழ்ப் பட்டத்துக்கு, தமிழில் விண்ணப்பித்தார். இதில் எந்த இடத்தில் தப்பு?

"அடுத்த தடவை எனக்கு வயசு தாண்டிரும்மா. இந்தத் தடவைதான்..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் ஃபைலின் பட்டனைப் போட்டுப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தார்.

பாய் ஒரு லேமினேட் செய்த தாளை எடுத்து வந்தார். இந்த வெப்சைட்டில் எது எங்கே இருக்கிறது என்று அவரே பச்சை மையில் எழுதி வைத்திருக்கும் வழிகாட்டி. அம்புக்குறிகள், கட்டங்கள். மேலூர், உசிலம்பட்டி என்று எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்து ஒரே கேள்வியைக் கேட்டுக் கேட்டு, கடைசியில் எழுதிவிட்டாராம். முதல் வரி, தமிழ் பட்டனை அமுக்காதீர்கள். கடைசி வரி விண்ணப்பத்தின் ஸ்டேட்டஸ் பார்க்கும் இடம். அதற்கு நேரே அம்பு போட்டு 'இன்ஷா அல்லாஹ்' என்று எழுதியிருந்தார்.

"எவ்வளவு நேரத்துல தெரியும்னு கேக்குறாங்கக்கா. நான் என்னத்தச் சொல்ல?"

என் பழைய வாசகர்களுக்குத் தெரியும். நான் ஒரு கல்லூரி நூலகத்தில் முப்பது வருஷம் அட்டவணை போட்டவள். ஒரு புத்தகத்துக்கு ஒரு எண், அந்த எண்ணுக்கு ஓர் இடம். எந்தப் புத்தகமாக இருந்தாலும் எண் முதுகில், அடியில், ஒரே உயரத்தில் ஒட்டியிருக்க வேண்டும். ஏன்? தேடி வருபவருக்கு என்னைத் தெரியாது. அவர் வந்து நிற்கும் நேரத்தில் நான் டீ குடிக்கப் போயிருக்கலாம். நான் இல்லாமலே அவருக்குப் புத்தகம் கிடைக்க வேண்டும். இடம் மாறி அடுக்கிய புத்தகத்தை நாங்கள் தொலைந்த புத்தகம் என்றுதான் சொல்வோம்.

அன்று சாயங்காலம் வீட்டில் லேப்டாப்பைத் திறந்தேன். வேலையில் மிஞ்சிய அட்டவணை அட்டைகள் ஒரு டப்பா நிறைய என்னிடம் உண்டு. பல்கலைக்கழக வெப்சைட்டில் இருக்கும் ஒவ்வொரு பெயரையும் ஓர் அட்டையில் எழுதினேன். அதை அமுக்கினால் எங்கே போகிறது என்று கீழே எழுதினேன். சாப்பாட்டு மேஜையில் பரப்பி வகை பிரித்தேன். என் வீட்டுக்காரர் ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

என்ன கிடைத்தது தெரியுமா?

செல்விக்கு வேண்டிய அந்த ஒரே ஒரு காகிதத்துக்கு நான்கு பெயர்கள். மேல் வரிசையில் 'கான்வகேஷன்'. இடது பக்கம் 'டிகிரி சர்டிஃபிகேட்'. தேர்வுப் பிரிவுக்குள் போனால் 'இன் அப்சென்ஷியா'. அதாவது, பட்டமளிப்பு விழாவுக்கு நேரில் வராதவர்கள் தபாலில் வாங்கிக்கொள்வதாம்! பேரையூரில் இருந்து விண்ணப்பம் போடும் ஒரு டீச்சர், நான் இன் அப்சென்ஷியா என்று தன்னைத் தானே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். தமிழ்ப் பக்கத்தில் 'பட்டமளிப்புப் பதிவு'. நான்கும் நான்கு வேறு இடங்களுக்குப் போகின்றன. அதில் உயிரோடு இருப்பது ஒன்றே ஒன்று.

சரி, 'சர்டிஃபிகேட்ஸ்' என்று தனியாக ஒன்று இருக்கிறதே, அதை அமுக்கினேன். யோகா சர்டிஃபிகேட் கோர்ஸில் சேரச் சொல்கிறது.

'ஹோம்' என்று ஒரு பட்டன். தொலைநிலைக் கல்விப் பக்கத்தில் நின்று அதை அமுக்கினால் தொலைநிலைக் கல்வியின் வாசலுக்குப் போகிறது. தேர்வுப் பக்கத்தில் நின்று அமுக்கினால் தேர்வுப் பிரிவின் வாசல். ஒரு பக்கத்தில் அந்தப் பட்டனே இல்லை. மேலே இருக்கும் பல்கலைக்கழகச் சின்னத்தை அமுக்கினால்தான் வெளியே வர முடியும் என்று யாராவது சொல்லித் தர வேண்டும். 'தொடர்புக்கு' மூன்று இடத்தில் இருக்கிறது. மூன்றிலும் வேறு வேறு நம்பர்கள். பக்கத்தில் 'நியூ' என்று சிவப்பாக மின்னிக்கொண்டிருக்கும் அறிவிப்புகளைத் திறந்தால், அதில் சொல்லும் விழா முடிந்து பந்தல் பிரித்த வருஷமே யாருக்கும் ஞாபகம் இருக்காது.

மறுநாள் காலை அந்த நம்பர்களுக்குப் போன் போட்டேன். ஒன்று அடித்து ஓய்ந்தது. இன்னொன்று உபயோகத்தில் இல்லை. மூன்றாவதில் ஒரு மனிதக் குரல் வந்தது. என் கண்ணில் நீர் வராத குறை.

"வெப்சைட்ல எல்லாம் தெளிவா இருக்கு, பாருங்கம்மா" என்றது குரல்.

"வெப்சைட்டைப் பாத்துட்டுத்தான் சார் கூப்பிடுறேன். ஒரே சான்றிதழுக்கு ஏன் நாலு பேரு?"

"அது ஒவ்வொரு செக்‌ஷன் குடுத்ததும்மா. எக்ஸாம் செக்‌ஷன் ஒரு பேரு குடுத்தாங்க, டிஸ்டன்ஸ் செக்‌ஷன் ஒரு பேரு குடுத்தாங்க. நாங்க கம்ப்யூட்டர் சென்டர். குடுத்ததை ஏத்துவோம். பேரை மாத்த எங்களுக்கு அதிகாரம் இல்ல."

"மொத்தமா யாரு சார் பாப்பாங்க? எல்லாம் ஒண்ணுபோல இருக்கான்னு?"

"மொத்தமாவா?" என்று கேட்டார். உலகத்தில் யாரும் கேட்காத ஒன்றை நான் கேட்டுவிட்டதுபோல இருந்தது அந்தக் குரல்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இது தேடி வருபவருக்காகக் கட்டியதே இல்லை. ஆபீஸில் யார் எந்த ரூமில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை அப்படியே எடுத்துத் திரையில் வைத்திருக்கிறார்கள். எக்ஸாம் செக்‌ஷனுக்கும் டிஸ்டன்ஸ் செக்‌ஷனுக்கும் நடுவில் இருக்கும் வராண்டாவைப் பாவம் செல்வி செல்போனிலேயே நடந்து கடக்க வேண்டும். அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை என்றால் அதற்கு நாம் என்ன பாவம் செய்தோம்?

வியாழக்கிழமை விடியக் காலை நானும் செல்வியும் பஸ் ஏறினோம். "நீங்க எதுக்கும்மா சிரமப்பட்டுக்கிட்டு..." என்று அவர் பத்து தடவையாவது சொல்லியிருப்பார். அட்டைகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கைப்பையில் வைத்திருந்தேன். வழி முழுக்க என்னென்ன கேட்பது, எந்த வரிசையில் கேட்பது என்று மனசுக்குள் ஓட்டிக்கொண்டே போனேன். செல்வி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டு வந்தார். லீவு போட்டாலும் தாள் விடாதாம்.

கவுன்டரில் கண்ணாடி போட்ட ஓர் அலுவலர். எங்கள் விஷயத்தைப் பாதி கேட்டதுமே, "வெப்சைட்ல எங்கே போய்ப் போடணும்னு குழப்பமா? இதோ ஒட்டியிருக்கோமே, பாருங்க" என்று கண்ணாடித் தடுப்பைக் காட்டினார்.

பார்த்தேன்.

ஒரு ஜெராக்ஸ் தாள். கட்டங்கள், அம்புக்குறிகள். முதல் வரி, தமிழ் பட்டனை அமுக்காதீர்கள். கடைசி வரிக்கு நேரே, 'இன்ஷா அல்லாஹ்'.

எங்கள் காளவாசல் பாயின் தாளேதான்!

"இது எப்பிடி சார் இங்கே வந்துச்சு?"

"மதுரையில ஏதோ ஒரு நெட் சென்டர்ல போட்டதாம் மேடம். போன வருஷம் ஒரு கேண்டிடேட் கொண்டுவந்தார். ரொம்ப க்ளியரா இருக்கு. நாங்களே எதுவும் தெரியலைன்னா இதைத்தான் பாக்குறோம்." சொல்லும்போது அவர் முகத்தில் நிஜமாகவே பெருமை இருந்தது.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. ஒரு பல்கலைக்கழகம். அங்கே கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் துறை இருக்கிறது, நூலக அறிவியல் துறையே இருக்கிறது. தங்கள் வீட்டுக்குத் தாங்களே வழி தெரியாமல் காளவாசல் பாயிடம் வழி கேட்டு ஒட்டி வைத்திருக்கிறார்கள்!

"அப்ப உங்களுக்குத் தெரியும். தமிழ்ப் பக்கத்துல போட்டா உங்களுக்கு வராதுன்னு தெரிஞ்சேதான் இதை இங்கே ஒட்டியிருக்கீங்க. தெரிஞ்சும் அந்தப் பட்டனை ஏன் சார் எடுக்கல?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "எடுக்க முடியாது மேடம். இன்ஸ்பெக்‌ஷன் வருவாங்க. அவங்க ஃபாரத்துல, வெப்சைட்ல தமிழ் இருக்கான்னு ஒரு கட்டம் இருக்கு. பட்டன் இருந்தாத்தான் இருக்குன்னு டிக் போட முடியும்."

வாசகர்களே, இந்த வரியை இன்னொரு தடவை படியுங்கள். நான் எதுவும் சேர்க்கவில்லை. தமிழ் அங்கே இருப்பது டிக் போடுவதற்காக.

என் அட்டைக் கட்டை எடுத்து கவுன்டரில் வைத்தேன். நான்கு பெயர்கள், பக்கத்துக்கொரு ஹோம், செத்த லிங்குகள் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார். தலையை ஆட்டினார். "நல்லா வொர்க் பண்ணியிருக்கீங்க மேடம். ஒரு காப்பி குடுத்தீங்கன்னா இதையும் ஒட்டிக்கிறோம்" என்றார்.

அதற்கு மேல் நான் பேசியதை இங்கே எழுத முடியாது. செல்விதான் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

கடைசியில் அவர் தன் கம்ப்யூட்டரில் எங்கேயோ தேடி, தமிழ்ப் பக்கத்து விண்ணப்பங்கள் வந்து விழும் பழைய பெட்டியைத் திறந்தார். செல்வியின் விண்ணப்பம் இருந்தது! அதே எண், அதே தேதி. எனக்கு உயிர் வந்தது. கடிதம் தந்துவிடுகிறேன் என்றார். டைப் செய்தார். பிரின்ட் எடுத்தார். வாங்கிப் பார்த்தால், 'விண்ணப்பம் பெறப்பட்ட தேதி' என்ற இடத்தில் அன்றைய தேதி.

"சார், நான் போட்டது மூணு மாசம் முன்னாடி. இந்தத் தேதியோட போனா என்னைய உள்ளேயே விட மாட்டாங்க" என்றார் செல்வி.

"ரிஜிஸ்டர்ல இன்னிக்குத்தானேம்மா ஏறுது? ரிஜிஸ்டர்ல என்னிக்கு ஏறுதோ, அதுதான் தேதி."

"உங்க கம்ப்யூட்டர்லயே பழைய தேதி இருக்கே சார். இப்பத்தானே பாத்தோம்?"

"அது தமிழ்ப் பக்கம்மா. அதைக் கணக்குல எடுக்க மாட்டோம்."

நான் கத்தினேன். பதிவாளரைப் பார்க்க வேண்டும் என்றேன். மீட்டிங்கில் இருக்கிறார் என்றார்கள். பேப்பரில் எழுதுவேன் என்றேன். எழுதுங்கள் மேடம் என்றார்கள். என் கோபம் அந்தக் கண்ணாடித் தடுப்பில் மோதி மோதி என் மேலேயே விழுந்துகொண்டிருந்தது. முப்பது வருஷம் சர்வீஸ், பத்திரிகையில் பத்தி... ஒன்றும் வேலைக்கு ஆகவில்லை.

செல்வி கத்தவில்லை. எட்டிப் பார்த்தார். எங்களுக்குக் காட்டுவதற்காகத் திருப்பிய திரையை அலுவலர் இன்னும் திருப்பி வைக்கவில்லை. அந்தப் பெட்டியில் செல்வியின் பெயருக்குக் கீழே வரிசையாகப் பெயர்கள். யாரும் திறக்காத பெயர்கள். எல்லாம் தமிழில்.

"சார், இவங்கள்லாம் யாரு?"

"அவங்களும் இப்படித்தான்... தப்பாப் போட்டவங்க."

செல்வி நிமிர்ந்து நின்றார். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினார். பிறகு, நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற குரல் இருக்கிறதே, அந்தக் குரலில் வாசிக்க ஆரம்பித்தார்.

"மாரீஸ்வரி, மேலூர்."

கொஞ்சம் நிறுத்தினார். ஹாலில் இருந்தவர்கள் திரும்பினார்கள்.

"வரலை. சகாயமேரி, திருமங்கலம்... வரலை. முத்துக்கருப்பன், வாடிப்பட்டி... வரலை."

"என்னம்மா பண்றீங்க?" அலுவலர் எழுந்துவிட்டார். செல்வி அவரைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு பெயரையும் ஊரோடு சேர்த்து வாசித்தார். பிள்ளை பதில் சொல்ல எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் காத்திருந்தார். பிறகு அடுத்த பெயர்.

"அழகர்சாமி, உசிலம்பட்டி."

"உள்ளேன்!"

மூன்றாவது கவுன்டர் வரிசையில் இருந்து வந்தது அந்தக் குரல். நாற்பது வயதுக்காரர். வாயில் இருந்து வந்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்ததுபோல ஒரு வெட்கம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"யக்கா, அது நான்தேன். எம்பேரு அங்க இருக்கா? இல்லவே இல்லைன்னுல்ல சொல்றாங்ஙெ? மூணாவது தடவையா வாரேன்க்கா..."

அவர் திரையில் தன் பெயரைக் குனிந்து பார்த்தார். விரலால் தொட்டே பார்த்தார்.

உள்ளறைக் கதவு திறந்தது. துணைப் பதிவாளராம். "என்ன சத்தம் இங்கே?"

"வருகைப் பதிவு எடுக்கிறேன் சார்" என்றார் செல்வி. "இவங்க எல்லாரும் இங்கே வந்திருக்காங்க. நீங்கதான் பேர் கூப்பிடலை."

நான் மணிக்கணக்கில் கத்தியதை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். துணைப் பதிவாளர் திரையைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், அழகர்சாமியைப் பார்த்தார். ஹாலில் இரண்டு மூன்று பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்ததையும் பார்த்தார். எது அவரை அசைத்தது என்று எனக்குத் தெரியாது. நல்லவர் என்றே வைத்துக்கொள்வோம். "பழைய தேதியே போட்டுக் குடுங்க. ரெண்டு பேருக்கும்" என்றார்.

கடிதத்தை வாங்கிய செல்வி முதலில் தேதியைப் படித்தார். பிறகுதான் தன் பெயரைப் படித்தார்.

திங்கள்கிழமை நான் போனைக் கையில் வைத்துக்கொண்டே சமைத்தேன். சாம்பாரில் உப்பு இரண்டு தடவை விழுந்துவிட்டது. மதியம் போன் வந்தது.

"முடிஞ்சதும்மா. தேதியத்தான் ரெண்டு பேரு மாத்தி மாத்திப் பாத்தாங்க. ஸ்கிரீன்ஷாட்டையும் காட்டுனேன். சரின்னு எடுத்துக்கிட்டாங்க." அப்புறம் போனிலேயே அழுதார். நானும்தான்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் கோபத்தை விட்டிருப்பேன்.

நேற்றுப் பாயிடம் இருந்து போன். "அக்கா, தமிழ்ப் பக்கத்தை மாத்திட்டாங்க. பழைய ஃபாரத்தைக் காணோம். வந்து பாருங்க!" எனக்கு ஒரே பெருமை. செல்வி எடுத்த வருகைப் பதிவுக்குப் பலன் என்று நினைத்து, போட்ட துணியோடு காளவாசலுக்கு ஓடினேன். பாய் எழுந்து எனக்கு நாற்காலி கொடுத்தார். நானே மவுஸைப் பிடித்தேன். 'தமிழ்' பட்டன் பளபளவென்று புதிதாக இருந்தது.

அமுக்கினேன்.

இங்கிலீஷ் பக்கம் திறந்தது.

இன்னொரு தடவை அமுக்கினேன். அதே இங்கிலீஷ் பக்கம். கான்வகேஷன், டிகிரி சர்டிஃபிகேட், இன் அப்சென்ஷியா... எல்லாம் அதனதன் பழைய இடத்தில் அப்படியே இருந்தன. தமிழ்ப் பக்கத்தின் பிரச்சினையை இப்படித் தீர்த்துவிட்டார்கள். பட்டன் இருக்கிறது, இன்ஸ்பெக்‌ஷனுக்கு அது போதும்.

"அந்தப் பழைய பெட்டியில இருந்த பேரெல்லாம் என்னாச்சு பாய்?"

திரையின் தலையில் இருந்த தாளைக் கிழிக்கப் போன பாய், கையை எடுத்துக்கொண்டார். "தெரியலக்கா. அதைத்தேன் நானும் நினைச்சுக்கிட்டு இருக்கேன்."

ஆகவே இந்த வாரம் இந்தப் பத்தி எல்லாருக்கும் அல்ல. எப்போதோ ஒரு நாள் செல்போனில் தமிழ் என்று பார்த்ததும் ஆசையாக அமுக்கி, விண்ணப்பம் போட்டு, 'நன்றி' வாங்கிக்கொண்டு, இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்று தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு. மாரீஸ்வரிக்கு, சகாயமேரிக்கு, முத்துக்கருப்பனுக்கு. நீங்கள் தப்பாகப் போடவில்லை. அந்த நன்றியை நம்பி வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டாம். ஸ்கிரீன்ஷாட்டை எடுத்துக்கொண்டு நாளைக்கே பஸ் ஏறுங்கள்.

உங்கள் பெயரைச் செல்வி டீச்சர் கூப்பிட்டுவிட்டார். போய், 'உள்ளேன்' என்று சொல்லுங்கள்... சத்தமாக.